காகித ஆலைக்குப் பரிசு, நூலகத்திற்கு அரை மில் வரி
கனடாவின் குடியேற்றகால வரலாற்றில் நமக்கான ஒரு பாடம்

ரொறன்ரோ மாநகரில் வந்திறங்கிய நம்மவர் குடும்பம் ஒவ்வொன்றும் முதற் சில மாதங்களில் எத்தனையோ படிவங்களை நிரப்புகின்றது. எத்தனையோ கந்தோர்களின் வாசலில் காத்து நிற்கின்றது. அவற்றுள் காசும் கேளாமல், காரணமும் கேளாமல், முகவரிச் சான்று ஒன்றை மாத்திரம் பார்த்துக் கையில் தரப்படுவது நூலக அட்டை. அந்த அட்டையுடன் சென்றால் பிள்ளைகளுக்கு ஆங்கில நூல்கள் கிடைக்கும். பெரியவர்களுக்குத் தமிழ் நூல்களும் கிடைக்கும். இதனை அரசாங்கம் மனமுவந்து அளித்த கொடை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. இந்நாட்டை ஆண்ட குடியேற்ற அரசு உள்ளூர்த் தொழிலுக்கும் நூலகங்களுக்கும் உதவியது உண்மையே. எனினும் அவ்வுதவியில் எது நிலைத்தது, எது வாடியது என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

காடும் ஆலையும்

இன்றைய ஒன்ராறியோவின் தென்பகுதி 1791ஆம் ஆண்டில் ‘மேல் கனடா’ என்னும் பெயருடன் தனிக் குடியேற்றமாகப் பிரிக்கப்பட்டது. அதன் முதலாவது துணை ஆளுநரான ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ 1793இல் யோர்க் என்னும் ஊரை நிறுவினார். அவ்வூரே பின்னர் ரொறன்ரோ ஆயிற்று. வீடு கட்டப் பலகை வேண்டும். பலகைக்கு ஆலை வேண்டும். ஆகவே அதே ஆண்டில் ஹம்பர் ஆற்றங்கரையில் அரச செலவில் மரம் அரியும் ஆலை ஒன்று எழுந்தது. ‘மன்னர் ஆலை’ என அது அழைக்கப்பட்டது. அரசு தானே முன்வந்து தொழில் தொடங்கியமைக்கு இது நல்லதோர் உதாரணம்.

ஆனால் அந்த நிலம் ஆளில்லா நிலமன்று. மிசிசாகா மக்களிடமிருந்து ரொறன்ரோ நிலத்தைப் பெற்றதாக ஆங்கிலேயர் கூறிய 1787ஆம் ஆண்டு உடன்படிக்கையும், 1805இல் செய்யப்பட்ட திருத்தமும் நெடுங்காலம் வழக்கிற்கு உட்பட்டிருந்தன. 2010ஆம் ஆண்டில் 14 கோடியே 50 இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் அவ்வழக்குத் தீர்ந்தது. குடியேறியவர்க்கு அரசு செய்த உதவிகளைப் பேசும்போது, அவ்வுதவிகள் யாருடைய நிலத்தின்மீது செய்யப்பட்டன என்பதையும் மறத்தல் தகாது. நிலமிழந்த துயரம் நமக்குப் புதிதன்று.

காகிதத்திற்கு ஒரு பரிசு

1820களில் மேல் கனடாவில் பத்திரிகைகள் பல தோன்றின. ஆனால் காகிதம் அங்கே செய்யப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து தீர்வை செலுத்தி வரவழைக்க வேண்டியிருந்தது. ‘கொலோனியல் அட்வகேற்’ என்னும் பத்திரிகையை நடத்திய வில்லியம் லயன் மக்கென்சி, உள்ளூரில் காகித ஆலை அமைப்போர்க்கு அரசு ஊக்கம் அளிக்கவேண்டுமென வற்புறுத்தினார். சட்டசபையும் இசைந்து, முதலாவது ஆலையை நிறுவுபவர்க்குப் பணப்பரிசு வழங்க முன்வந்தது.

போட்டி தொடங்கியது. ஹமில்ரனுக்கு அண்மையில் ஜேம்ஸ் குறூக்ஸ் என்பவரும், யோர்க் ஊரின் டொன் ஆற்றங்கரையில் ஜோன் ஈஸ்ற்வூட், கொலின் ஸ்கின்னர் என்னும் மைத்துனர் இருவரும் ஆலை அமைத்தனர். சிறிது முந்திக்கொண்ட குறூக்ஸ் பரிசைப் பெற்றார். பின்தங்கிய இருவர்க்கும் வெறுங்கை அன்று. அவர்கள் இறக்குமதி செய்த இயந்திரங்களுக்குத் தீர்வை விலக்களிக்கப்பட்டது. பரிசு, தீர்வை விலக்கு என்னும் இரண்டு கருவிகளே இன்றும் அரசாங்கங்கள் தொழிலை ஊக்குவிக்கக் கையாளுபவை. அக்காலத்தில் காகிதம் மரக்கூழினால் அன்றிக் கந்தைத் துணியினால் செய்யப்பட்டது. வீடுவீடாகச் சேகரித்த பழந்துணி ஆலைக்குச் சென்று, பத்திரிகையாகி மீண்டும் வீட்டிற்கே வந்தது. இங்கிலாந்திலுள்ள ஓர் ஊரின் பெயரையே தாங்கிய ‘ரொட்மோர்டன் ஆலைகள்’ டொன் பள்ளத்தாக்கில் இன்று அரும்பொருட்காட்சியகமாக இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது.

காகிதத்திற்குப் பரிசளித்த நாட்டிலே பத்திரிகைக்குப் பாதுகாப்பு இருந்ததா? 1826ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஆளும் குழுவினரின் உறவினரான இளைஞர் சிலர் பட்டப்பகலில் மக்கென்சியின் அச்சுக்கூடத்தினுள் புகுந்து, அச்செழுத்துக்களை வாரி ஏரியில் எறிந்தனர். மக்கென்சி வழக்குத் தொடுத்தார். யூரிமார் அவருக்கு 625 பவுண் நட்டஈடு வழங்கினர். அப்பணத்தைக் கொண்டே அவர் பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார். 1981இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ அலுவலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு இச்செய்தியின் முற்பகுதி பழகியது. பிற்பகுதியே வியப்பைத் தருவது.

மேலிருந்து வந்த நூல்கள்

இனி நூலகங்களின் கதைக்கு வருவோம். மேல் கனடாவின் முதலாவது நூலகம் 1800ஆம் ஆண்டில் நயாகராவில் தோன்றியது. அங்கத்தவர் சந்தா செலுத்தி நடத்திய நூலகம் அது. யோர்க் ஊரிலும் அத்தகைய நூலகம் ஒன்று இருந்தது. 1813இல் அமெரிக்கப் படையினர் ஊரைக் கைப்பற்றியபோது அதன் நூல்கள் கொள்ளை போயின. அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஐசாக் சோன்சி வெட்கமுற்று, தம்மால் மீட்க முடிந்த நூல்களைப் பெட்டிகளில் இட்டுத் திருப்பி அனுப்பினார்.

1830இல் தொழில்வினைஞர் கழகம் ஒன்று யோர்க்கில் அமைந்தது. தச்சரும் கொல்லரும் மாலை வேளையில் விரிவுரை கேட்கவும் நூல் வாசிக்கவும் வழி செய்வது அதன் நோக்கம். தொழிலறிவு வளர்ந்தால் தொழில் வளரும் என்று எண்ணிய சட்டசபை இத்தகைய கழகங்களுக்கு மானியம் அளித்தது. அரசின் கண்ணிலே நூலகமும் தொழிலும் இணைந்தது இங்கேதான். ஆனால் கழகத்திற்குச் சந்தா உண்டு. நாட்கூலி பெறுபவனுக்கு அது சுமை. எனவே யாருக்காக அமைக்கப்பட்டதோ அவர்களிலும் பார்க்க எழுதுவினைஞரும் வணிகருமே அதனால் அதிகம் பயனடைந்தனர்.

கல்வித் தலைமை அதிகாரியான எகெர்ற்றன் றயர்சன் 1850களில் இன்னொரு திட்டத்தை நடத்தினார். ஓர் ஊர் நூலகத்திற்காகத் திரட்டும் பணத்திற்கு அரசு தன் பங்கையும் சேர்த்து, அதற்குரிய நூல்களை அனுப்பும். பின்னர் அப்பங்கு ஊரார் திரட்டியதற்குச் சமமாகவே உயர்த்தப்பட்டது. நிபந்தனை ஒன்று: நூல்களைக் கல்வித் திணைக்களத்தின் நூற்களஞ்சியத்திலிருந்தே பெறவேண்டும், அதன் பட்டியலில் உள்ளவற்றையே தெரிய வேண்டும். பயனுள்ள அறிவு நூல்கள் அப்பட்டியலை நிரப்பின. சமயத் தர்க்க நூல்களுக்கும் பெரும்பாலான நாவல்களுக்கும் இடமில்லை. பல்லாயிரக்கணக்கான நூல்கள் கிராமப் பாடசாலைகளைச் சென்றடைந்தன. ஆயினும் வாசிக்க விரும்பிய நூல் அலுமாரியில் இல்லாதவிடத்து அலுமாரியைத் திறப்பவர் குறைந்தனர். பழைய நூல் கிழிந்தது. புதிய நூல் வரவில்லை. நூற்களஞ்சியமும் 1881இல் மூடப்பட்டது.

இதே றயர்சன் 1847இல் எழுதிய அறிக்கை, முதற்குடியினரின் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதியில் வைத்துத் தொழில் பயிற்ற வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பின்னர் பெருந்துன்பம் விளைத்த வதிவிடப் பாடசாலைகளுக்கு அது ஒரு வித்து. அவர் பெயரைத் தாங்கியிருந்த ரொறன்ரோப் பல்கலைக்கழகம் ஒன்று 2022இல் அப்பெயரைக் கைவிட்டது. மக்களைக் கேளாது மக்களுக்கு நன்மை செய்ய முற்படுவதன் அபாயத்திற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஒரே முடி, இரண்டு நீதி

1858, 1859ஆம் ஆண்டுகளில் கனடா அரசு இறக்குமதிப் பொருள்மீதான தீர்வையை உயர்த்தியது. 1859இல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் கோல்ற் உற்பத்திப் பொருட்கள் பலவற்றிற்கு நூற்றுக்கு 20 வீதம் விதித்தார். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகர வர்த்தகர் சீறி எழுந்து இலண்டனுக்கு முறையிட்டனர். தம் மக்களுக்கு எவ்வாறு வரி விதிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை கனடாவிற்கு உண்டு என்று கோல்ற் மறுமொழி எழுதினார். இலண்டன் பணிந்தது.

இதே பிரித்தானிய முடியின் கீழிருந்த சென்னை மாகாணத்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அல்பிரட் சற்றர்ட்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1898 முதல் அலுமினியப் பாத்திரத் தொழிலையும், பின்னர் குரோம் முறையில் தோல் பதனிடுதலையும் அரச முயற்சியால் வளர்த்தார். தொழில் திணைக்களமும் அமைந்தது. ஐரோப்பிய வர்த்தகர் எதிர்த்தனர். 1910இல் இந்திய மந்திரி மோர்லி பிரபு, அரசு தொழிற்கல்வி அளிக்கலாமேயன்றித் தொழில் நடத்தலாகாது என்று தடுத்தார். முதலாவது உலகப்போர் கண்ணைத் திறந்த பின்னரே கொள்கை மாறிற்று. 1922இல்தான் தொழில்களுக்கு அரச உதவி வழங்கும் சட்டம் சென்னையில் இயற்றப்பட்டது. இரண்டிடத்தும் ஆண்டவர் ஒருவரே. கனடாவில் வாக்குரிமை கொண்ட மக்களும் அவர்களுக்குப் பொறுப்புச் சொல்லும் அமைச்சரும் இருந்தனர். சென்னையில் அவ்வாறு இருக்கவில்லை. வேறுபாடு அதுவே.

ஆலைச் சிறுவன் கட்டிய நூலகம்

1867இல் கனடா கூட்டாட்சி ஆயிற்று, ஒன்ராறியோ மாகாணமாயிற்று. குடியேற்றகால மானியங்கள் விட்டுச்சென்ற கழகங்களுக்கு இனி என்ன வழி என்னும் கேள்வி எழுந்தது. விடை கூறியவருள் ஒருவர் ஜோன் ஹலம்.

ஹலம் 1833இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் வறிய குடும்பத்திற் பிறந்தவர். சிறு வயதிலேயே பருத்தி ஆலையில் வேலை செய்தவர். 1856இல் ரொறன்ரோவிற்கு வந்து, தோலும் கம்பளி மயிரும் விற்று முன்னேறி, நகரசபை உறுப்பினரானார். பாடசாலை தராததை நூல்கள் தமக்குத் தந்தன என்பதை அவர் மறக்கவில்லை. இலவச நூலகங்களைப் பற்றிச் சிறு நூல் எழுதிப் பரப்பினார்.

1882இல் ஒன்ராறியோ சட்டமன்றம் இலவச நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் வழி எளிது. வரி செலுத்துவோர் மனுக்கொடுத்தால் வாக்கெடுப்பு நடைபெறும். பெரும்பான்மையோர் இசைந்தால், சொத்து மதிப்பில் டொலர் ஒன்றிற்கு அரை மில் வரையில் நூலக வரி விதிக்கலாம். அதாவது 1000 டொலர் பெறுமதியுள்ள சொத்திற்கு ஆண்டொன்றுக்கு 50 சதம். நூல்களைத் தெரிவது திணைக்களம் அன்று. உள்ளூரில் நியமிக்கப்படும் சபை. ‘மற்றவன் நாவல் வாசிப்பதற்கு நான் ஏன் வரி கட்டவேண்டும்’ என்று கேட்டவர்களும் இருந்தனர். எனினும் 1883ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் ரொறன்ரோ மக்கள் பெரும்பான்மையாக வரிக்கு ஆதரவளித்தனர். தொழில்வினைஞர் கழகம் தன் கட்டடத்தையும் நூல்களையும் நகருக்குக் கையளித்தது. 1884 மார்ச் 6ஆம் நாள், நகரின் ஐம்பதாண்டு நிறைவன்று, சேர்ச் வீதியும் அடிலெயிட் வீதியும் சந்திக்கும் இடத்தில் நூலகம் திறக்கப்பட்டது. நாம் இன்று பயன்படுத்தும் நூலகத்தின் தொடக்கம் இதுவே.

நமது கணக்கு

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பும் இதற்கு மிக நெருங்கியது. 1933இல் கே. எம். செல்லப்பா விடுத்த வேண்டுகோளை ஏற்று ஊரார் பணமும் நூலும் தந்தனர். 1934 ஆகத்து 1ஆம் நாள் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அது தொடங்கியது. பின்னர் நகர நிருவாகம் பொறுப்பேற்றது. களியாட்ட விழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1954இல் அடிக்கல் நாட்டி, 1959இல் புதிய மாளிகையைத் திறந்தார்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அது எரிக்கப்பட்டது. மீண்டும் கட்டப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது. அரசின் பரிசாக வந்திருந்தால் அதற்காக இத்தனை கண்ணீர் சிந்தியிருப்போமா என்பது ஐயமே. நம்முடைய காசில் நாம் கட்டியது என்பதனாலன்றோ அந்நெருப்பு நம் நெஞ்சைச் சுட்டது!

அரசின் பரிசு ஒரு காகித ஆலையைத் தொடக்கி வைக்கும். மானியம் ஓர் அலுமாரியை நிரப்பும். ஆனால் தமக்கு என்ன வேண்டுமென மக்கள் கூறும் உரிமையும், அதற்குத் தம் பங்கைச் செலுத்தும் மனமும் சேர்ந்தவிடத்தே நூலகம் நிலைக்கும். ரொறன்ரோவில் வீட்டுவரி செலுத்தும் நம்மவரும், வாடகையோடு சேர்த்து அவ்வரியைச் சுமப்பவரும் அப்பங்கை ஏற்கெனவே செலுத்திக்கொண்டே இருக்கின்றனர். எஞ்சியது கேட்பது. எந்தத் தமிழ் நூல் வேண்டும், எந்தக் கிளையில் வேண்டும் என்று நூலகரிடம் கேளுங்கள். இருக்கும் நூல்களை இரவல் எடுங்கள். எடுப்பாரற்ற நூலுக்கு நூலகத்தில் நெடுங்காலம் இடமிராது. கையிலுள்ள அட்டை கருணைச் சீட்டு அன்று. ஆலைச் சிறுவனாயிருந்த ஒரு வந்தேறி தன் நகரத்தாரைக் கொண்டு நிலைநாட்டிய உரிமைச் சீட்டு.