‘கோவேறு கழுதைகள்’ நாவலில் விலகி நிற்கும் கதைசொல்லி

முன்னுரை

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் ஆகிய ஊர்கள் அமைந்த கடலூர் மாவட்ட மேற்குப் பகுதி, நடுநாடு என வழங்கும் நிலப்பரப்பைச் சார்ந்தது. இவ்வட்டார வாழ்வை நாவலாக்கியோருள் இமையம் குறிப்பிடத்தக்கவர். 1994இல் வெளிவந்த அவருடைய ‘கோவேறு கழுதைகள்’ நாவலின் கதைசொல்லி தம்மைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. எனினும் அவருடைய இயல்பு வாசகருக்குப் புலப்படுகிறது. அது புலப்படும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைசொல்லி மரபு

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) நாவலில் நாயகனே தன் கதையைக் கூறுகிறான். 1893 முதல் தொடராக வெளிவந்த ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் ஆசிரியர் இடையிடையே புகுந்து வாசகரோடு பேசுகிறார். இவ்விரண்டிலும் கதைசொல்லியின் குணம் அவர் பேச்சிலேயே வெளிப்படை. பின்வந்த யதார்த்த நாவல்கள் பலவற்றில் இப்பேச்சு அடங்கியது. எதைக் காட்டுவது, எதைச் சொல்லாது விடுவது என்னும் தெரிவே கதைசொல்லியை அறியும் வழியாயிற்று.

ஆரோக்கியத்தின் அருகில்

தலித் குடியிருப்பினருக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்தவள் ஆரோக்கியம். கூலியாகத் தானியமும் சோறும் பெறும் முறை தளர்வதைக் கதைசொல்லி வரலாறாக விளக்குவதில்லை. அவள் கைக்கு வருவது குறைவதைக் காட்டுகிறார். மகள் மேரிக்கு நேரும் வன்கொடுமைக்கும் அவர் தீர்ப்புரை வழங்குவதில்லை. அழுகையும் வசையும் முறையீடும் வட்டார வழக்கில் மாந்தர் வாயிலாகவே ஒலிக்கின்றன. ஆயினும் கதை ஆரோக்கியத்தின் பார்வையை விட்டு நெடுந்தொலைவு அகல்வதில்லை. இந்த அண்மையே கதைசொல்லியின் சார்பு. இரக்கத்தை அறிவிக்காத அடக்கமே அவருடைய குணம்.

ஒடுக்கப்பட்டோருக்குள் நிலவும் ஒடுக்குமுறையைக் காட்டியமைக்காக இந்நாவல் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கதைசொல்லி யார் பக்கம் என்னும் வினாவே அவ்விவாதத்தின் அடியில் இருந்தது. எவரையும் கொடியவராக வரையாமல், கடைநிலையில் இருப்பவளின் அருகில் நிற்பதே நாவல் தரும் விடை.

முடிவுரை

இமையத்தின் ‘எங் கதெ’ (2015) தன்மைக் கூற்றில் அமைந்தது. அதில் விநாயகம் கமலாவைப் பற்றிப் பேசப்பேச, வெளிப்படுபவன் விநாயகமே. பேசியும் பேசாமலும் கதைசொல்லி தம்மை மறைக்க இயலாது என்பதற்கு இவ்விரு நாவல்களும் சான்றாகும். ஆகவே, விலகி நிற்றலை நடுநிலை எனக் கொள்ளாமல், நிற்கும் இடத்தை நோக்குவதே ஆய்வாளர்க்கு ஏற்றதாகும்.