பாலைவனம் தாண்டி மெட்ராஸுக்கு வந்த தபால்

மே மாதத்துப் பிற்பகலில் மொட்டை மாடிக்குப் போகும் வேலை வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். போனதும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். பருந்து ஒன்று சிறகை அசைக்காமலே வட்டமடித்து மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். தரை சுட்டால் தரையை ஒட்டிய காற்றும் சுடும். சுட்ட காற்று லேசாகி மேலே கிளம்பும். பருந்துக்கு அது மின்கட்டணமில்லாத லிப்ட்.

அதே காற்று ஒரு சிறிய விமானத்துக்குப் பெரிய தலைவலி. 15 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்றைவிட 45 டிகிரியில் இருக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவிகிதம் குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது, முன்னால் சுழலும் விசிறிக்கு இழுவை குறைகிறது, இன்ஜினுக்குள் போகும் காற்றும் குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் குறைவதால் விமானம் தரையில் வெகுதூரம் ஓடிய பிறகுதான் எழும்பும். எழும்பினாலும் மெல்ல மெல்லத்தான் ஏறும். ஏறும் வழியெல்லாம் மேலெழும் காற்று தூக்கிப் போடும், அடுத்த கணம் கீழே இழுக்கும். நமக்காவது மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து கொஞ்சம் காப்பாற்றும். பாலைவனத்தில் அந்தக் கருணையெல்லாம் கிடையாது.

மெட்ராஸில் குடியிருக்கும் நமக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் ஊருக்கு முதன்முதலில் ஒழுங்காக வந்த விமானத் தபால் பாலைவனத்தைத் தாண்டித்தான் வந்தது. அடையாறு பக்கம் இருப்பவர்களின் தலைக்கு மேல் இன்று ஓயாமல் இறங்கும் விமானங்களுக்கெல்லாம் முன்னோடி, கராச்சியில் கிளம்பிய ஒற்றை இன்ஜின் குட்டி விமானம்.

அதற்கு முன்பே இங்கே பறந்தவர்கள் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் விமானம் ஒன்றைச் செய்யச் சொல்லி 1910-லேயே பறந்து காட்டினார். ஆனால் அது வேடிக்கை. நம் மயிலாப்பூர் வக்கீல் வீட்டுக்கு லண்டனிலிருந்து கடிதம் கொண்டுவரும் விமானம் வேறு விஷயம்.

1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே வாரம் ஒரு முறை சேவை தொடங்கியது. வழியில் மிகவும் பயந்த இடம் ஈராக் பாலைவனம். அடையாளம் என்று சொல்ல ஒரு மரம், ஒரு ஊர் கிடையாது. அதனால் 1921-லேயே பிரிட்டிஷ் விமானப்படை ஒரு வேலை செய்து வைத்திருந்தது: மணலிலும் சரளையிலும் நூற்றுக்கணக்கான மைலுக்கு வண்டித்தடம் போட்டு, தடம் பதியாத இடங்களில் ஏர் ஓட்டிக் கோடு கிழித்தது. விமானிகள் மேலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். கோட்டைத் தவறவிட்டால் தேடுவது சிரமம். ஏர் உழுதது விவசாயத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இப்படி ஒரு வாரத்தில் கராச்சிக்கு வந்து சேர்ந்த தபால், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் நாட்கணக்கில் நகர்ந்தது. இந்த இடைவெளியை விமானத்தால் நிரப்பலாம் என்று யோசித்தவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். அவர் யோசனையை எடுத்துக்கொண்டு போனது டாடா நிறுவனத்துக்கு. அங்கே இருந்த ஜே.ஆர்.டி. டாடாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. 1929 பிப்ரவரியில்தான் இந்தியாவின் முதல் எண் கொண்ட விமானி உரிமத்தை வாங்கியிருந்தார். அரசிடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எழுத்துப் போக்குவரத்திலேயே மூன்று வருஷம் போனது.

அந்தக் காத்திருப்பின் நடுவில் ஜே.ஆர்.டி.க்குப் பாலைவனம் நேரிலேயே அறிமுகமாயிற்று. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். எந்தத் திசையில் வேண்டுமானாலும் பறக்கலாம். மூன்று பேர் இறங்கினார்கள். மன்மோகன் சிங் தன் விமானத்துக்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் வைத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினியரும் அங்கிருந்துதான். அவருக்கு வயது 17. ஜே.ஆர்.டி. எதிர்த்திசையில், 1930 மே 3 அன்று கராச்சியிலிருந்து கிளம்பினார். வளைகுடா எரியும் மாதம் அது. அவர் ஓட்டியது ஜிப்சி மாத். விமானி உட்காருமிடத்துக்குக் கூரை கிடையாது. நம் வீட்டு மின்விசிறி சூட்டுக் காற்று அடித்தால் பத்து நிமிஷம் தாங்க மாட்டோம். அவர் முகத்தில் நாள் முழுக்க மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் அது அடித்துக்கொண்டிருந்தது.

எகிப்தில் அலெக்சாண்ட்ரியா பக்கத்து அபுகீர் விமானத் தளத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, அங்கே இன்னொரு ஜிப்சி மாத் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆஸ்பி. அவரிடம் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை. அந்த இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக எட்டு. காற்றாலேயே குளிரும் இன்ஜின். பாலைவனச் சூட்டில் எண்ணெய் கசிந்து கரி படிந்தால் பிளக்தான் முதலில் மண்டையைப் போடும். பிளக் இல்லாமல் அடுத்த பாலைவனத்தைத் தாண்டுவது தற்கொலை. ஜே.ஆர்.டி. தன்னிடமிருந்த உபரி பிளக்குகளில் சிலவற்றை எடுத்துப் போட்டியாளர் கையில் கொடுத்தார். ஆஸ்பி நன்றியாகத் தன் மிதவைச் சட்டையைக் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள்.

ஆஸ்பி ஜெயித்தார், அதுவும் சில மணி நேர வித்தியாசத்தில். மன்மோகன் சிங் பயணத்தை முடித்தும் கெடுவைத் தவறவிட்டார். பிளக் கொடுத்தது பெருந்தன்மை என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ, அந்த வழியில் பறந்து வந்த ஒருவருக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளத் தோன்றியிருக்காது என்றே படுகிறது. அந்த ஆஸ்பிதான் பிற்காலத்தில், 1960-ல், நம் விமானப்படைத் தளபதியானார்.

கடைசியில் மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலுக்குக் காசு கொடுத்தால் போதும் என்று டாடா சொன்ன பிறகு வழி பிறந்தது. 1932 அக்டோபர் 15, காலை 6.35. கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து ஜே.ஆர்.டி. ஒரு புஸ் மாத் விமானத்தில் கிளம்பினார். இதற்குக் கூரை உண்டு, கண்ணாடி ஜன்னலும் உண்டு. உள்ளே இருந்த தபால் 25 கிலோ. நம் வீட்டுக்கு வரும் அரிசி மூட்டை எடைதான். அக்டோபர் என்றால் குளிர் தொடங்கும் என்று நினைக்காதீர்கள். கராச்சிக்கு அது இரண்டாவது கோடை.

கராச்சிக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே கட்ச் ரண் கிடக்கிறது. வெயில் காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு, மழைக் காலத்தில் அதே இடம் தண்ணீர். இரண்டிலுமே அடையாளம் பார்க்க ஒன்றுமில்லை. உப்புத் தரையில் வெயில் பட்டுக் கானல் ஆடும்போது தொடுவானம் எங்கே என்றே தெரியாது. ரேடியோ கிடையாது. மடியில் வரைபடம், முன்னால் திசைகாட்டி, கையில் கடிகாரம். இத்தனை நிமிஷத்தில் ஆறு வரவேண்டும், இத்தனை நிமிஷத்தில் ரயில் பாதை வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஓட்டுவதைவிட இந்தக் கணக்கு கஷ்டம்.

அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. பர்மா ஷெல் கம்பெனியின் தகர டின்களைத் தூக்கி, மணலும் தண்ணீரும் கலக்காமல் மெல்லிய தோல் வழியாக வடிகட்டி ஊற்றுவது அந்தக் காலத்து வழக்கம். பிற்பகல் 1.50-க்கு பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வின்சென்ட் வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். கராச்சியிலிருந்து இங்கே வர 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

பெரிய இயந்திர பலத்தால் இந்த வழியை ஜெயிக்கவில்லை. அவர்களிடம் அது இல்லை. விடியும் முன்பே எழுந்தார்கள், காற்று குளிர்ந்திருக்கும்போதே ஏறினார்கள், சுமையைக் குறைத்தார்கள். தபாலுக்குத்தான் காசு என்பதால் பயணி இரண்டாம்பட்சம். ஒருவர் வேண்டுமானால் தபால் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்து வரலாம். ஏன் உயரப் பறந்து வெக்கையிலிருந்து தப்பக்கூடாது என்றால், உயரப் போகத்தான் குளிர்ந்த, கனமான காற்று வேண்டும். பிற்பகலில் மெல்ல ஏறும் விமானம் அந்த ஆட்டத்திலேயே வெகுநேரம் கிடந்து உழலும். ஏறவும் பெட்ரோல் கரையும்.

கோடை முடிந்தால் வேறு தொல்லை. மழைக் காலத்தில் ஜூஹு மைதானம் சேறாகிவிடும் என்பதால் மூட்டை முடிச்சுகளோடு பூனா எரவாடாவுக்குப் போய்விடுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் 1933-ல், முதல் முழு ஆண்டில், அவர்கள் சுமந்தது 10 டன்னுக்கு மேல் தபால், 155 பயணிகள். தபால் நேரத்துக்கு வந்தது என்பதுதான் அன்றைய சிவில் விமானத் துறையே பாராட்டிச் சொன்ன விஷயம். மெட்ராஸோடு நிற்காமல் 1938-ல் இதே வழி கொழும்பு வரை நீண்டது.

வின்சென்ட் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. 1942 ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போர் விமானம் ஒன்றில் திரும்பும்போது பிரான்ஸ் கடற்கரைக்கு அப்பால் அவர் இறந்தார். அதே ஆண்டு மார்ச்சில் மன்மோகன் சிங்கும் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதலில் பலியானார். ஜே.ஆர்.டி. மட்டும் 1982-ல், 78 வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய மாத் வகை விமானத்தில் இன்னொரு தடவை தனியாகப் பறந்தார்.

இனி நம் தி.நகருக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் அரசாங்கம் டவ் என்ற சிறிய விமானம் ஒன்றை வாங்கியது. இரட்டை இன்ஜின், பத்துப் பேர்வரை உட்காரலாம். அதை இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டு வர ஒரு தம்பதியை அனுப்பினார்கள்: கேப்டன் வி. சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம். மைசூர் மகாராஜாவின் டகோட்டாவை ஓட்டியவர் சுந்தரம். துணை விமானி உஷா. ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் பயின்று வெளிவந்தவர் அவர். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளைப் பற்றிப் பேசும்போது முதலில் வரவேண்டிய பெயர்.

போனது கப்பலில். திரும்பியது பாக்தாத், கராச்சி வழியாக, அந்தப் பழைய பாலைவனப் பாதையில். டவ் விமானத்தின் உட்புறம் அழுத்தம் கூட்டப்படாதது. அதாவது இன்றைய ஜெட் போலப் புழுதிக்கும் வெக்கைக்கும் மேலே 35,000 அடியில் ஒதுங்கிக்கொள்ள முடியாது. காற்றின் ஆட்டத்துக்குள்ளேயேதான் வரவேண்டும். லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கு அது சாதனை நேரம். இறங்கி ஏறி, பெட்ரோல் போட்டு, மாறி மாறி ஓட்டி 27 மணி நேரம். நம்மில் பலர் கோயம்புத்தூருக்குக் காரில் போய்விட்டு வந்தாலே இரண்டு நாள் முதுகுவலி என்கிறோம்.

இந்தத் தம்பதியை நீங்கள் வேறு வகையில் அறிவீர்கள். 1959 மழையில் தி.நகர் தெருவெல்லாம் வெள்ளம். அதில் தத்தளித்த நாய்க்குட்டிகளை சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்தார். அப்படித் தொடங்கியதுதான் புளூ கிராஸ், 1964-ல் பதிவானது. நம் வளாகத்துத் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யக் கூட்டத்தில் தீர்மானம் போடுகிறோமே, அந்த முறையை ஊருக்கு முன்னால் தொடங்கிவைத்ததும் அதே அமைப்புதான். உஷா அம்மா 2010-ல், 86 வயதில் காலமானார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல் நாள் விமானத்தில் வந்த 1932 அக்டோபர் முத்திரையிட்ட தபால் உறைகள் சேகரிப்பாளர்களிடம் இன்னும் இருக்கின்றன. நம் குடியிருப்பிலும் தாத்தா பாட்டி பெட்டிக்குள் 1930-களின் விமானத் தபால் உறை ஏதாவது கிடக்கலாம். கராச்சி, பெல்லாரி, மெட்ராஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அசலை யாரும் கொண்டுவர வேண்டாம். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் அடுத்த இதழில் போடலாம். ஸ்டாம்பை மட்டும் தயவுசெய்து கிழித்து எடுக்காதீர்கள்.