பனியில் சிக்கிய பெல்ஜிக்கா

தென்துருவம் என்றதும் ஆமுண்ட்சென், ஸ்காட் என்ற இரண்டு பெயர்கள்தான் எல்லோருக்கும் நினைவு வரும். பிரெஞ்சில் படித்த எனக்கு இன்னொரு பெயரும் வரும்: அத்ரியேன் தெ ழெர்லாஷ். பெல்ஜியக் கடற்படை அதிகாரி. 'அண்டார்க்டிக்கில் பதினைந்து மாதங்கள்' என்ற அவருடைய பிரெஞ்சு நூல் 1902-இல் வந்தது. அவர் தலைமையில் சென்ற ஆராய்ச்சிக் கப்பல்தான் பெல்ஜிக்கா.

பழைய நோர்வே திமிங்கில வேட்டைக் கப்பல் அது. நீளம் சுமார் 36 மீட்டர். 1897 ஆகஸ்ட் 16-இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து கிளம்பியது. தென்கடலுக்குள் போனவர்கள் 19 பேர். பெல்ஜியர், நோர்வேக்காரர், போலந்துக்காரர், ஒரு ருமேனியர், ஒரு அமெரிக்கர். அதிகாரிகள் சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு, ஆய்வுக்கூடத்தில் ஜெர்மன், மாலுமிகள் பக்கம் எல்லாம் கலந்த ஒரு பாஷை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது!

1898 ஜனவரியில் ஓர் இளம் மாலுமியை அலை அடித்துப் போயிற்று. மார்ச் தொடக்கத்தில் கப்பலைச் சுற்றிப் பனி இறுகிவிட்டது. அண்டார்க்டிக் பகுதியில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கிய முதல் கப்பல் இதுதான்.

அங்கே என்ன செய்வார்கள்? வேலைதான். மணிக்கு மணி காற்று, வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார்கள், இரவு பகல் என்றில்லை. நானும் ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதியவன், ஆனால் மின்விசிறிக்குக் கீழே! அங்கே செப்டம்பரில் மைனஸ் 43 டிகிரி வரை போயிற்று. ருமேனிய விலங்கியலார் ரக்கோவித்சா பனியில் துளை போட்டு வலை இறக்கிக் கடல் உயிர்களைச் சேகரிப்பார். ஓய்வில் சகாக்களைக் கேலிச்சித்திரமாக வரைவார். பாரிஸ் பத்திரிகைப் படங்களை வைத்து அழகிப் போட்டிகூட நடத்தினார்கள். வாலிபர்கள்தானே.

சாப்பாடுதான் பெரிய தொல்லை. எல்லாம் டப்பா உணவு. நோர்வே மீன் உருண்டை டப்பாவைப் பார்த்தாலே எல்லோருக்கும் குமட்டல். வெளியே பென்குயினும் சீலும் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் அந்த இறைச்சி தளபதிக்கு ஆகவே ஆகாது.

மே 17-க்குப் பிறகு சூரியன் தலைகாட்டவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேல் இருட்டு. கால் வீக்கம், ஈறு வீக்கம், மூச்சு வாங்கல், தூக்கமின்மை. ஜூன் 5-இல் காந்தப்புல அளவீடுகளைக் கவனித்த தாங்கோ இறந்தார்; முன்பே அவருக்கு இதயக் கோளாறு. பனியில் துளை வெட்டி, காலில் எடை கட்டி, கடலுக்குள் இறக்கினார்கள். நான்சென் என்ற கப்பல் பூனையும் அந்த மாதமே செத்தது. பிறகு மாலுமிகள் இருவருக்குப் புத்தி பேதலித்தது.

அமெரிக்க டாக்டர் பிரெடரிக் குக் மட்டும் விடவில்லை. ஆர்க்டிக் மக்கள் பச்சை இறைச்சி தின்று ஸ்கர்வி வராமல் இருப்பதை அவர் கிரீன்லாந்தில் பார்த்தவர். வைட்டமின் சி என்ற பெயரே அப்போது இல்லை. ஆனாலும் அரைவேக்காட்டுப் பென்குயின், சீல் இறைச்சிதான் மருந்து என்றார். தினமும் கப்பலைச் சுற்றி நடக்க வைத்தார். துணியைக் களைந்து அடுப்பின் அனலுக்கு முன் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னார். சாகக் கிடந்த துணைத்தலைவர் லெக்குவேந்த் சொன்னபடி செய்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு தளபதியும் வாயைத் திறந்தார்! தன் நாக்கு ஒப்பாததை மற்றவர்களுக்கும் தடுக்கும் அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

1899 தொடக்கத்தில் ரம்பத்தாலும் வெடியாலும் பனியில் கால்வாய் வெட்டினார்கள். வாரக்கணக்கில் உழைப்பு. மார்ச் 14-இல் கப்பல் பனிப்பரப்பை விட்டு வெளியே வந்தது. நவம்பர் 5-இல் ஆன்ட்வெர்ப்.

அந்தக் கப்பலில் அதிகாரியாக இருந்த நோர்வே இளைஞர்தான் ஆமுண்ட்சென். 1911-இல் அவர் தென்துருவம் போனபோது தன் ஆட்களுக்கு சீல் இறைச்சியைத் தாராளமாகப் போட்டார். ஸ்கர்வி எட்டிப் பார்க்கவில்லை. குக்கின் கதை வேறு. வடதுருவம் போனேன் என்று சொல்லி நம்புவாரின்றி நின்று, கடைசியில் எண்ணெய்ப் பங்கு மோசடியில் சிறைக்குப் போனார். 1926-இல் லெவன்வொர்த் சிறைக்கு அவரைப் பார்க்கப் போனார் ஆமுண்ட்சென். போக வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். என் உயிருக்கு இவரிடம் கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.