நீர்நிலை காத்தலும் திருப்பணியே

குடமுழுக்கு நன்னாளில் விமானத்தின்மீது சொரியப்பெறுவது நீர். வேள்விச் சாலையிலே கும்பத்துள் இறைவனை எழுந்தருளச் செய்தற்கும் நீரே இடமாகின்றது. பொன்னும் மணியும் தரவியலாத தூய்மையை நீர் தரும் என்பது நம் முன்னோர் துணிபு. ஆதலின், கோயிலின் பெருமை கூறப் புகுவோர் அந்நாட்டு நீர்நிலைகளின் வரலாற்றையும் உடன் கூறுதல் முறையாகும்.

வ. புதுப்பட்டி மேற்கு மலைத்தொடரின் கீழ்ப்புறத்து அடிவார நாட்டில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்புறமே பெற்றுவிடுகின்றது. இப்பக்கத்து நிலத்திற்கு வடகிழக்குப் பருவமழையே பெருந்துணை. சில வாரங்களில் பெய்வதைப் பல திங்களுக்குத் தேக்கி வைத்தாலன்றி ஈண்டு உழவில்லை. பிளவக்கல்லில் அணைகளால் தேக்கப்பெறும் பெரியாறும் கோவிலாறும் மலையினின்று இறங்கிக் கண்மாய்களை நிரப்புவன. இப்பகுதியின் நீரைக் கொண்டு செல்லும் அர்ச்சுனா நதி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடுகின்றது. அவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே மாரியம்மை கோயில் கொண்டிருக்கின்றாள். திருவில்லிபுத்தூரிலோ, கங்கையும் யமுனையும் சரசுவதியும் கூடுவதாகப் போற்றப்பெறும் திருமுக்குளத்தின் கரையில், மார்கழித் திங்களில் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பும் நீராட்டும் நிகழ்கின்றன. இங்ஙனம் இந்நாட்டில் நீரும் வழிபாடும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளன.

கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. வரத்துக்கால் நீரைக் கொணரும்; கரை தாங்கும்; மடை வயலுக்கு விடும்; கலிங்கு மிகை நீரை வெளியேற்றும். மேற்கண்மாயின் மறுகால் நீரே கீழ்க்கண்மாயின் வரத்து. எனவே மேலூரார் கால்வாயை அடைத்தால் கீழூரார் வயல் காயும். மேலூரார் கழிவைக் கலந்தால் கீழூரார் கிணறு கெடும். கண்மாய்த் தொடர் ஊர்களை அறத்தால் கட்டிய சங்கிலி எனலாம்.

இவ்வறத்தை நம்மவர் ஆட்சிமுறையாகவே வகுத்திருந்தனர். நீர்நிலை அமைப்போரே உலகில் தம் பெயரை நிலைநிறுத்துவோர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புலவர் குடபுலவியனார் அறிவுறுத்திய பாடல் புறநானூற்றில் உள்ளது. முதற்பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தாரைக் குடவோலையால் தேர்ந்த முறையைத் தெரிவிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு உரியரல்லர் என்பதும் அவற்றில் காணப்படும் விதி. பாண்டி நாட்டில் மடைதோறும் நீர்பாய்ச்சிகள் முறை வைத்துப் பங்கிட்டனர். குடிமராமத்தால் ஊரார் கூடி வண்டல் அள்ளினர். அவ்வண்டல் வயலுக்கு எருவாயிற்று; கண்மாயும் ஆழமாயிற்று. 1858-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி இவ்வழக்கத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கிற்று. உவந்து செய்தது கடமையாக ஏவப்பட்டபோது அதன் உயிர் மெல்ல ஒடுங்கிற்று. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயராலேயே புதுத் திட்டம் தொடங்கியது, அப்பழைய முறையின் சிறப்பை உணர்த்தும்.

நிற்க. முற்காலத்தில் அளவு பற்றிய கவலையே பெரிது. இக்காலத்தில் தரம் பற்றிய கவலையும் சேர்ந்துள்ளது. வயலின் மிகை உரமும் ஊரின் சாக்கடையும் நீரில் கலந்தால் கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் நீரும் நஞ்சாகலாம். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இல் பிறந்தது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. குடிநீரின் கார அமில நிலை 6.5 முதல் 8.5 வரை இருத்தல் வேண்டும். நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி என்னும் குடற்கிருமி ஒன்றும் தென்படலாகாது என்பன இந்தியத் தரநிலையின் விதிகள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்கே நீராய்வுப் பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டது. அன்றைய ஏரி வாரியத்தின் கண்காணிப்பு இன்று சோதனைக் குழாயோடு இல்லந்தேடி வந்துள்ளது எனலாம்.

காட்டைக் காத்தலும் இதனுள் அடங்கும். திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. புலி வாழும் காடு மழைநீரை மண்ணுள் ஈர்த்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக ஈயும். காடு அழியின் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும்.

இனி, அன்பர் கடமை யாது? பூசித்த மாலையையும் நெகிழித் தாளையும் குளத்தில் எறிதல் வழிபாடாகாது. வண்ணம் பூசிய சுண்ணச் சிலைகளைக் கரைத்தலாகாது என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இலும் 2020-இலும் நெறி வகுத்தது. களிமண்ணால் செய்து கரைப்பதே நம் பழைய மரபுமாகும். கங்கை என்று கைகூப்பிய நீரிலேயே கழிவை விடுதல், தாயென்று தொழுதவளைத் தாழ்த்துதலன்றோ?

கோபுரத் திருப்பணி பன்னீராண்டுக்கு ஒருமுறை வருவது. வரத்துக்காலைத் துப்புரவு செய்தலும், மடையைச் சீர்ப்படுத்தலும், கிணற்று நீரை ஆய்தலும் ஆண்டுதோறும் செய்யத்தக்க திருப்பணிகள். இவ்விரண்டும் ஒருங்கு நடைபெறும் ஊரிலே கும்பநீர் மெய்யாகவே தீர்த்தமாகும். மழை பருவந்தவறாது பெய்க, கண்மாய்கள் நிறைக, எல்லாம் வல்ல இறைவன் அருள் எங்கும் நிலவுக.