பூலாய் மலையும் அதன் புனலும்

ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே, கூலாய்க்கும் பொந்தியானுக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் 654 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் பூலாய் மலையை, பொதிகையையும் நீலகிரியையும் கண்டு பழகிய தமிழர் ஒருவர் மலையென்று ஒப்புக்கொள்ளச் சற்றே தயங்கக்கூடும். ஆயினும், சதுப்பு நிலமும் செம்பனைத் தோட்டங்களுமாகத் தாழ்ந்து பரந்து கிடக்கும் தென்மேற்கு ஜொகூரில், கடலினின்றும் எழுந்து வரும் மேகங்களைத் தடுத்து நிறுத்தி மழையாகப் பெய்விக்கும் உயர்நிலங்களுள் தலையாயது இதுவே. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மரநிழலிலே நடப்போர், முதியோரையும் குழந்தைகளையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டே, அதிகச் சிரமமின்றி இம்மலையின் அருவியை அடைந்துவிடலாம். குற்றாலத்துப் பேரருவியின் ஆரவாரம் இங்கு இல்லை. பாறைப் படிகளின்மேல் சிறிது சிறிதாக இறங்கி, இறங்கிய இடந்தோறும் மடுவாய்த் தேங்கி, மீண்டும் வழிந்தோடும் குளிர்ந்த புனல் இது. மலையின் உச்சிவரை தார்ச்சடக்கு ஒன்றும் செல்கின்றது.

விடுமுறை நாட்களில் இங்கு நீராட வருவோர் பலர். சுற்றுப்புறத்துக் காடெல்லாம் நூற்றெண்பது ஆண்டுகளாக வெட்டுண்டு அழிந்திருக்க, இம்மலைமேல் மட்டும் இத்துணை மரங்கள் எவ்வாறு பிழைத்து நின்றன என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவுக்குரிய விடைதான் பூலாய் மலையின் சரித்திரம்.

அச்சரித்திரத்தின் முதல் ஏடு ஒரு மரத்தின் பாலால் எழுதப்பட்டது. 1840-களில், தாபான் என்னும் காட்டுமரத்தின் பாலை இறுகச் செய்து பெறும் கட்டாபெர்ச்சா என்ற பொருள் ஐரோப்பியரின் கவனத்தைக் கவர்ந்தது. கடலுக்கடியில் இடும் தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத உறையாக அமைவதற்கு அதனினும் சிறந்த பொருள் அக்காலத்தில் இல்லை. ஜொகூரை அப்போது ஆண்டுவந்த தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம், காட்டுக்குடிகளைக் கொண்டு இப்பாலைச் சேகரிப்பித்து, அந்த வியாபாரத்தைத் தம் கையகப்படுத்திக்கொண்டு பெருஞ்செல்வரானார். பால் எடுக்கும் முறையோ, மரத்தையே வெட்டி வீழ்த்தி எடுப்பதாக இருந்தது. ஆதலால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அம்மரம் அருகிப்போயிற்று.

அடுத்து வந்தது காம்பீர். வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவதற்கும், தோல் பதனிடுவதற்கும், சாயமிடுவதற்கும் பயன்பட்ட இத்துவர்ப்புப் பொருளைச் செடியின் இலையிலிருந்து காய்ச்சி எடுத்த சீன விவசாயிகள், சிங்கப்பூர்த் தீவின் மண் சாரமற்றுப் போகவே, நீரிணையைக் கடந்து ஜொகூரின் ஆறுகளுக்குள் நுழைந்தனர். ஆட்சியாளர் அவர்களுக்கு ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சாசனம் வழங்கினார். 1844-இல் வழங்கப்பெற்ற முதற் சாசனங்கள் ஸ்கூடாய் ஆற்றிற்கு உரியவை. சாசனம் பெற்ற தலைவன் கங்சூ எனப்பட்டான். ஆற்றுத்துறையில் அவன் அமைத்த குடியிருப்பு கங்கார் எனப்பட்டது. பூலாய் மலையின் அடிவாரத்தில் இன்று நகரமாய் வளர்ந்திருக்கும் கங்கார் பூலாய், அந்த ஏற்பாட்டின் சின்னமாகத் தன் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

காம்பீரும் மிளகும் இணைபிரியாத பயிர்கள். காய்ச்சி எடுத்த காம்பீர் இலையின் சக்கை மிளகுக்கு எருவாயிற்று. காய்ச்சும் அடுப்புக்கோ விறகு இடைவிடாது வேண்டியிருந்தது. ஆகவே, தோட்டம் போட வெட்டிய காட்டோடு விறகுக்கென வெட்டிய காடும் சேர்ந்து அழிந்தது. பதினைந்து ஆண்டுகளில் நிலம் வலுவிழக்கும். விவசாயி அதை லாலான் புல்லுக்கு விட்டுவிட்டு வேறோர் ஆற்றை நாடிச் செல்வான். 1917-இல் கங்சூ முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில், ஜொகூரின் ஆற்றங்கரைகளில் நடந்த கதை பெரும்பாலும் இதுவே. அக்கதை பெரும்பாலும் ஆற்றங்கரைகளோடு நின்றதே பூலாய்க்கு அக்காலத்தில் வாய்த்த காவலாகும்.

இதனிடையே இம்மலைமீது ஆசை கொண்ட மற்றொருவர் உண்டு. டாயிங் இப்ராஹிமின் குமாரரும், 1868-இல் மகாராஜா என்றும் 1885-இல் சுல்தான் என்றும் பட்டம் புனைந்தவருமாகிய அபூ பக்கார், ஐரோப்பாவை நேரிற் கண்டு திரும்பியவர். ஆங்கிலேயர் வெப்பத்திற்கு அஞ்சி மலைகளில் ஆரோக்கிய ஸ்தலங்கள் அமைத்துக்கொண்ட அக்காலத்தில், தம் தலைநகருக்கு அண்மையிலிருந்த பூலாய் மலைமேல் அத்தகைய வாசஸ்தலம் ஒன்றை நிறுவ அவர் விரும்பினார். அங்குச் செல்வதற்கு அவர் வகுத்த வழி வியப்பிற்குரியது. ஜொகூர் பாருவிலிருந்து பூலாய் மலையை நோக்கி, தண்டவாளங்களும் மரத்தாலேயே அமைந்த இரயில்பாதை ஒன்றை 1869-இல் அவர் தொடங்கினார். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் ஓடிய இரயிலையே மலாயாவின் முதல் இரயில் என்று பாடநூல்கள் பேசுகின்றன. இரும்புப் பாதையைக் கருதினால் அது மெய்யே. ஆயினும், அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, அந்நியர் ஆளுகைக்கு உட்படாத ஒரு மலாய் அரசர் தம் சொந்த முயற்சியால், நாட்டின் வைரம் பாய்ந்த மரங்களை நம்பி, இருப்புப்பாதைக்கு ஈடான பாதையைக் காட்டுக்குள் செலுத்தினார் என்பதை நாம் மறத்தல் தகாது. அம்முயற்சியைக் கெடுத்தவை கறையான்கள். மரத் தண்டவாளங்களை அவை அரித்துத் தீர்த்தன, பாதை கைவிடப்பட்டது, ஆரோக்கிய ஸ்தலம் என்னும் எண்ணமும் அத்தோடு மறைந்தது. அபூ பக்கார் எண்ணியவாறே காரியம் கைகூடியிருக்குமாயின், பூலாய் மலையும் பினாங்குக் கொடிமலையைப் போன்றதொரு மாளிகை மலையாக மாறியிருக்கும் என்றே நான் கருதுகின்றேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் வந்தது. ரப்பரோடு நம்மவரும் வந்தனர். 1909-இல் ஜொகூர் அரசாங்க இரயில்பாதை கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை நிறைவெய்தியபின், அதன் இருமருங்கிலும் லாயாங் லாயாங், கூலாய், செனாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழ் ஏழைகள், கங்காணிகளின் பின்னே இத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, பால்மரக் காட்டுக்குள் வாளியோடு சென்ற அம்மக்கள், சமவெளியில் எஞ்சியிருந்த பழைய வனத்தைப் பிறரோடு சேர்ந்து வெட்டிச் சாய்த்து, எரித்து, நிரை பிடித்துக் கன்று நட்டனர். அந்த உழைப்பின் பயன் இலண்டனிலிருந்த பங்குதாரர்களுக்குப் போயிற்று. நம்மவர்க்கு லயத்து வாழ்க்கையே மிஞ்சிற்று.

அப்படியாயின் பூலாய் எப்படித் தப்பியது? நீரிணைக்கு அப்பால் இருந்த ஒரு நகரத்தின் தாகமே அதற்கு மூல காரணம். சிங்கப்பூரின் ஜனத்தொகை 1921-இல் நான்கு லட்சத்தைக் கடந்துவிட்டது. 1860-களில் கட்டிய தாம்சன் சாலை நீர்த்தேக்கமும் 1912-இல் திறந்த காலாங் ஆற்று நீர்த்தேக்கமும் போதாமற்போயின. அப்போது நகராண்மைக் கழகத்தார் பார்வை ஜொகூரின் மலைகளின்மேல் விழுந்தது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்து 1924 ஜூன் 28 அன்று முறையாகத் திறந்துவைக்கப்பட்ட பாலம், இரயிலுக்கும் மோட்டாருக்கும் வழி விட்டதோடு, தண்ணீர்க் குழாய்க்கும் தாங்கு தளமாக அமைந்தது. 1927 டிசம்பர் 5 அன்று, ஜொகூரின் சுல்தான் இப்ராஹிமும் சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தாரும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனர். அதன்படி, பூலாய் மலையில் 2,100 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 30 காசு வாடகையில் சிங்கப்பூருக்கு விடப்பட்டது. அஃதாவது, ஆண்டு முழுவதற்கும் 630 வெள்ளி. நீருக்கு விலை இல்லை. சுத்திகரித்த நீரில் நாளொன்றுக்கு 8 லட்சம் காலன் வரையில், ஆயிரம் காலனுக்கு 25 காசு வீதம் ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் அதில் இருந்தது.

ஒப்பந்தம் செய்த ஈராண்டுகளில், 1929-இல், பூலாய் நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. 1932-இல் பொந்தியான் நீர்த்தேக்கமும் அதனோடு சேர்ந்தது. நகராண்மைக் கழகத்தின் கூலிவேலைகளில் அக்காலத்தில் மிகுந்திருந்தவர் தென்னிந்தியரே. ஆதலால் பூலாய் மலைத்தண்ணீரைச் சிங்கப்பூரின் வீதிகளில் பங்கிட்டுத் தந்ததில் தமிழ்க் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த வாடகை அற்பமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், நீர் வேண்டுமாயின் காடு வேண்டும் என்பதை அந்நகரத்தின் பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதற்கு மலைமேல் மரமில்லையேல், நீர்த்தேக்கம் சேற்றால் தூர்ந்துபோம். எனவே, அடிவாரம் வரையில் ரப்பர் வந்து சூழ்ந்த காலத்திலும், நீர்ப்பிடிப்புக்கென ஒதுக்கிய சரிவுகளின்மீது கோடரி ஏறவில்லை. அழகை விரும்பி எவரும் இக்காட்டைக் காத்தாரில்லை. அது தரும் நீருக்காகக் காத்தார்கள். பொதிகைக் காடு நின்றாலன்றித் தாமிரபரணி வற்றாமல் ஓடாது என்பதைத் திருநெல்வேலிச் சீமையார் அறிவர். அதே நியதியைப் பூலாயில் ஒரு குத்தகைப் பத்திரம் நிலைநாட்டியது.

யுத்தம் வந்தது. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் பாலத்தை வெடிவைத்துப் பிளந்தபோது, பூலாயிலிருந்து சென்ற குழாயும் அறுந்தது. அகதிகளால் நிரம்பி வழிந்த சிங்கப்பூர், தன் தீவிலிருந்த நீர்த்தேக்கங்களை மட்டுமே நம்பி நின்றது. அவையும் ஜப்பானியர் கைக்குப் போக, குண்டு விழுந்த வீதிகளில் குழாய்கள் உடைந்து நீர் வீணே ஓட, பிப்ரவரி 15 அன்று சரணாகதி நிகழ்ந்தது. தண்ணீர்ப் பஞ்சம் அந்த முடிவுக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. அதனை அடுத்த ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாகச் சயாம் இரயில்பாதைக்கு வாரிச் செல்லப்பட்டதும், அவர்களிற் பலர் திரும்பி வராததும் தனியே எழுதப்பட வேண்டிய துயரம்.

யுத்தத்திற்குப் பின் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பெற்றன. 1961 செப்டம்பர் 1 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, 1927-இன் ஒப்பந்தத்தை நீக்கி, பூலாய், பொந்தியான் நீர்ப்பிடிப்புகளோடு தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளின் நீரையும் 50 ஆண்டுகளுக்குச் சிங்கப்பூருக்கு உரிமையாக்கியது. அந்த ஐம்பது ஆண்டு 2011 ஆகஸ்டு 31-இல் முடிவுற்றது. அன்று பூலாய், ஸ்கூடாய் நீர் நிலையங்கள் ஜொகூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. ஜொகூர் ஆற்றைப் பற்றிய 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கை மட்டும் 2061 வரையில் நடைமுறையில் இருக்கும்.

இம்மலையின் சாந்தத்தை நம்பி அதன் வலிமையை மறந்துவிடலாகாது. 2001 டிசம்பர் 26 அன்று, புயல் உருவாவதே அரிதென்று வானிலை சாஸ்திரிகள் கருதிவந்த பூமத்திய ரேகைக்கு மிக அருகில், ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கே, வாமெய் என்னும் புயல் தோன்றி, மறுநாள் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அது கொட்டிய மழையில் பூலாய்ச் சரிவு பெயர்ந்து, சேறும் பாறையும் மரமும் ஒன்றாய்ப் புரண்டு அடிவாரத்துக் குடியிருப்பின்மேல் பாய்ந்தன. ஐந்து உயிர்கள் மாண்டன.

அருவியினின்றும் இறங்கும் நீர், பூலாய் ஆறாய்த் தெற்கே ஓடி, நீரிணையைச் சேருமுன் அலையாத்திக் காடுகளுக்கு ஊட்டமளிக்கின்றது. ஒராங் செலேத்தார் என்னும் கடற்குடியினர் தொன்றுதொட்டு மீனும் நண்டும் பிடித்து வாழும் கழிமுகம் அது. 9,126 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வலையாத்திக் காடு 2003-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மேலே ஒரு சரிவு மொட்டையானால், கீழே அக்குடிகளின் வலை வெறுமையாகும்.

இன்று பூலாய்க் காட்டைக் காக்க அயல்நகரத்தின் குத்தகை இல்லை. அதன் பொறுப்பு முழுவதும் ஜொகூர் மக்களுடையது. கூலாய், செனாய், ஸ்கூடாய்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: மழை குறைந்த மாதங்களில் உங்கள் மாணாக்கரை இவ்வருவிக்கு அழைத்து வாருங்கள், மரத் தண்டவாளத்தின் கதையையும், 630 வெள்ளிக் குத்தகையின் கதையையும், அவர்தம் பாட்டனார் வெட்டிய காட்டின் கதையையும் அங்கேயே சொல்லுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும்போது ஓடையில் இறங்க வேண்டா; நீராடும் வேளையில் உச்சி கறுத்தாலும், தெளிந்த நீர் கலங்கக் கண்டாலும், அக்கணமே பிள்ளைகளைக் கரையேற்றி விடுங்கள்.