களத்துக்குச் சக்கரம் வைத்த கதை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ராகியை அறுத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகக் கணக்கு. காய்ந்த தாளைக் களத்தில் பரப்பி, மாடு பூட்டிய கல் உருளையைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். பிறகு காற்றடிக்கும் நேரம் பார்த்துத் தூற்ற வேண்டும், சலிக்க வேண்டும். அறுப்பு, அடிப்பு, தூற்றல், சலிப்பு என்று நான்கு வேலைகள். இந்த நான்கையும் ஒரே வண்டியில் ஏற்றியதுதான் கம்பைன். சிறுவயதில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்குப் பெயர் 'முவாஸொனேஸ்-பத்தேஸ்'. அறுப்பவள், அடிப்பவள் என்று பொருள். பெண்பால்! நம் வயல்களில் அறுப்பதும் தூற்றுவதும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

இன்றைய கம்பைன் தானே ஓடும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் ஹைரம் மூர் 1836-ல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தைக் குதிரைகள் இழுத்தன. பிறகு டிராக்டர் இழுத்தது. அந்தக் காலத்து இழுவைக் கம்பைனைப் பழைய படங்களில் அடையாளம் காண்பது கடினமில்லை.

முதலில் ஓட்டுநர் இருக்கையைத் தேடுங்கள். இருக்காது. அதற்குப் பதில் முன்பக்கம் நீண்ட இழுவைத் தண்டு இருக்கும். இரண்டாவது, கதிர் வெட்டும் பகுதி ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். நேர் பின்னால் இருந்தால், வெட்ட வேண்டிய பயிரை முன்னே போகும் டிராக்டரே மிதித்துவிடும் அல்லவா?

மூன்றாவது, உள்ளே இருப்பவற்றைச் சுழற்றும் விசை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மிகப் பழையதென்றால், கட்டைகள் பதித்த பெரிய இரும்புச் சக்கரம் இருக்கும். அது தரையில் உருள உருளத்தான் மற்றவை சுழலும். குதிரை தளர்ந்தால் கதிரடிப்பதும் தளரும். அடுத்த தலைமுறையில் கம்பைன் மேலேயே தனி எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அதற்கும் பிந்தியதில், டிராக்டரின் பின்புறத்திலிருந்து ஒரு சுழல் தண்டு வந்து சேரும்.

நான்காவது தானியம் சேரும் இடம். ஓர் ஆள் நின்று மூட்டை பிடிக்கும் மேடையா, தொட்டியா?

சிறு விவசாயிக்கென்று 1935-ல் வந்தது அல்லிஸ்-சால்மர்ஸ் ஆல்-கிராப் 60. வெட்டும் அகலம் 60 அங்குலம், அதாவது 5 அடி. கதிரடிக்கும் உருளையும் அதே அகலம். அதன் சட்டங்களில் ரப்பர் பதித்திருந்தார்கள். கதிரை நசுக்காமல் தேய்த்து உதிர்க்கும் யோசனை.

மாஸி-ஹாரிஸ் நிறுவனத்துக்காக டாம் கரோல் வடிவமைத்த, தானே ஓடும் 20-ஆம் எண் கம்பைன் 1938-ல் வந்தது. தொடர்ந்து வந்தது 21-ஆம் எண். 1944-ல் போர்க்கால ஆள் பஞ்சத்தில், ஏறக்குறைய 500 கம்பைன்கள் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கே அறுத்துக்கொண்டே போயின. அதன் பிறகு இழுவைக் கம்பைனின் செல்வாக்கு மெல்லக் குறைந்தது. அந்த மாஸி-ஹாரிஸ் பெயர்தான் பின்னர் மாஸி பெர்குசன் ஆகி, டாஃபே டிராக்டர்களில் நம் ஊருக்கும் வந்தது.

ஆனால் இழுவைக் கம்பைன் நம் வயல்களுக்குப் பொருந்தும் வடிவம் அல்ல. டிராக்டரும் அதன் பின்னே கம்பைனுமாகத் திரும்ப அகலமான இடம் வேண்டும். வரப்புக்கு வரப்பு முடிந்துபோகும் நம் துண்டு நிலங்களில் எங்கே திரும்புவது? சேற்று வயலில் சக்கரம் புதையும். நெல்லுக்குச் செயின் வண்டி வந்தபோதுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ராகிக்காரர்கள் சிலர் தார்ச்சாலையையே களமாக்கினார்கள். லாரியும் பஸ்ஸும் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்தன. இரு சக்கர வண்டிக்காரர்களுக்குத்தான் ஆபத்து.

கல் உருளை செய்த இன்னொரு வேலையைப் பலர் மறந்துவிட்டார்கள். தானியத்தை உதிர்ப்பதோடு, தாளையும் நசுக்கி மெதுவாக்கும். மாடு விரும்பித் தின்னும். கம்பைனோ தாளை வயலிலேயே சிதற விட்டுப் போகிறது. அதைச் சேர்த்துக் கட்ட இன்னொரு இயந்திரம், இன்னொரு வாடகை.

களத்தில் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சிப்காட் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களை மறுபடி முறம் பிடிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டுக் கம்பைனுக்குப் பெயர்ப் பலகை உண்டு, மாடல் எண் உண்டு, ஆண்டு உண்டு. நம் கல் உருளைக்கு எதுவும் இல்லை. உங்கள் ஊரில் எங்காவது ஒன்று கிடந்தால், அதன் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து, அடித்த கொத்தர் எந்த ஊர் என்று பெரியவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள். கேட்டால் சொல்வதற்கு இன்னும் சிலர் இருக்கிறார்கள்.