ஓவனும் நான்காவது கம்பியும்

ஓவன் என்றதும் கேக்கும் பிஸ்கட்டும் ஞாபகத்துக்கு வருபவர்கள் மன்னிக்கவும். இது கம்பிகளைப் பற்றிய கட்டுரை.

சமையலறைச் சுவரிலோ அலமாரியிலோ பதித்து வைக்கிற மின்சார ஓவன் ஒன்றை அமெரிக்காவில் வாங்கினால், கூடவே வரும் நிறுவல் கையேட்டில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். வீட்டுச் சுவரிலிருந்து நான்கு கம்பிகள் வந்தால் இப்படி இணைக்கவும் என்று ஒரு படம் இருக்கும். மூன்று கம்பிகள்தான் வருகின்றன என்றால் வேறு மாதிரி இணைக்கவும் என்று பக்கத்திலேயே இன்னொரு படம். ஒரே ஓவன், ஒரே மின்சாரம். அப்புறம் ஏன் இரண்டு விதம்? மூன்றில் சரியாக ஓடும் என்றால் நான்காவது எதற்கு? நான்காவது அவசியம் என்றால் மூன்றை எப்படி அனுமதிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அது நேராக இரண்டாம் உலகப் போரில் கொண்டு போய் விடுகிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன சுற்று.

மின்சாரத்தில் சமைப்பது நாம் நினைப்பதைவிடப் பழைய சமாசாரம். 1892 ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவா நகரத்தில், விண்ட்சர் ஹோட்டலில், தாமஸ் அஹர்ன் என்பவர் ஒரு விருந்து வைத்தார். பரிமாறியது எல்லாமே மின்சாரத்தில் சமைத்தது. அஹர்ன் அந்த ஊரில் மின்சாரம் விற்கும் தொழிலில் இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும் (ஆக, விருந்தா விளம்பரமா என்று கேட்கக்கூடாது!). அடுத்த வருடம் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு முழு மின்சார சமையலறையையே காட்சிக்கு வைத்தார்கள்.

ஆனால் காட்சிக்கு வைப்பது வேறு, வீட்டில் வைப்பது வேறு. சூடாகும் கம்பி சீக்கிரமே காற்றில் ஆக்ஸிகரணமாகி அறுந்துவிடும். அதைத் தீர்த்தது நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். செக்கச்செவேல் என்று பழுத்தாலும் அதன் மேல் குரோமியம் ஆக்ஸைடு ஒரு போர்வை மாதிரி படிந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இன்றைக்கும் ஓவனுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த வகைக் கம்பிதான்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியில், நகராட்சி மின் பொறியாளர் டேவிட் கர்ல் ஸ்மித் 1905-இல் ஒரு மின் அடுப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தெர்மோஸ்டாட் எல்லாம் கிடையாது. எத்தனை சுவிட்சைப் போடுகிறோமோ அத்தனை சூடு, அவ்வளவுதான். அவர் மனைவி நோரா 1907-இல் அந்த அடுப்புக்கென்றே ஒரு சமையல் புத்தகம் எழுதினார். கணவர் செய்த இயந்திரத்துக்கு மனைவி எழுதிய யூசர் மேனுவல் என்று சொல்லலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஓவன் என்பது அடிப்படையில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள்ளே மின்சாரம் ஓடும் சூட்டுக் கம்பி. கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் காப்பு எங்காவது பழுதானால், பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். தொட்டால் ஷாக். இதற்காகத்தான் பெட்டியின் உடலை எர்த் செய்வது. பழுது வந்தால் மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் பெருகி ஓடும், ஃபியூஸ் போகும், ஆள் தப்பிப்பார். எர்த் கம்பியில் சாதாரண நேரத்தில் மின்சாரம் ஓடவே கூடாது. பழுது வரும் நாளுக்காகச் சும்மா காத்திருப்பதுதான் அதன் வேலை. நம் ஊர் மூன்று பின் பிளக்கில் மேலே தடியாக, நீளமாக ஒரு பின் இருக்கிறதே, அதுதான் இது. செருகும்போது முதலில் தொட்டு, கழற்றும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம்.

அமெரிக்க வீட்டுக்கு வரும் மின்சாரம் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு ஃபேஸ் கம்பிகள், நடுவில் ஒரு நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கும் இடையே 240 வோல்ட். விளக்கு, மின்விசிறி எல்லாம் 120-இல் ஓடும். ஓவனைச் சூடாக்கும் கம்பிக்கு 240 வேண்டும். ஆனால் அதே ஓவனுக்குள் இருக்கும் சின்ன பல்பு, கடிகாரம், டைமர் இவற்றுக்கு 120 போதும். ஆக ஓவனுக்கு இரண்டு ஃபேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். அதோடு எர்த்தும் சேர்ந்தால் மொத்தம் நான்கு. கணக்கு சரியாக இருக்கிறதல்லவா?

1942-இல் இந்தக் கணக்கில்தான் கை வைத்தார்கள்.

அமெரிக்கா போரில் இறங்கிய நேரம். தோட்டா உறையிலிருந்து கப்பல் வயரிங் வரை எல்லாவற்றுக்கும் செம்பு தேவைப்பட்டது. தட்டுப்பாடு எந்த அளவுக்கு என்றால், 1943-இல் ஒரு சென்ட் காசையே செம்பில் அடிக்காமல், துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அணுகுண்டுக்காக ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைப் பிரிக்கும் ராட்சத மின்காந்தங்களுக்குச் சுருள் சுற்றச் செம்பு கிடைக்கவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள்! (போர் முடிந்து பல வருடங்களில் அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள்.)

வெள்ளியில் காந்தம் சுற்றுகிற காலத்தில், வீட்டு ஓவனுக்கு நான்காவதாக ஒரு செம்புக் கம்பி என்பது ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும். 1897 முதல் வந்துகொண்டிருக்கும் அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பில் 1942-இல் ஓர் இடைக்காலத் திருத்தம் செய்தார்கள். மின் அடுப்பின் உடலை எர்த் செய்யத் தனி வழி வேண்டாம், நியூட்ரல் கம்பியோடு இணைத்துவிட்டால் போதும் என்பதுதான் அந்தச் சலுகை. ஓவனுக்குப் பின்னால் ஒரு சின்ன செம்புப் பட்டை, நியூட்ரல் முனையையும் இரும்புப் பெட்டியையும் சேர்த்து இணைக்கும். மூன்று கம்பியில் வேலை முடிந்தது.

நியூட்ரலும் கடைசியில் மெயின் பெட்டியில் எர்த்தோடுதானே சேர்கிறது, அப்புறம் என்ன ஆபத்து என்று கேட்கலாம். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லைதான். ஒழுங்காக இல்லாவிட்டால்?

ஓவனின் பின்னாலோ சுவர்ப் பெட்டியிலோ நியூட்ரல் கம்பியின் இணைப்பு கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி இருபது முப்பது வருடம் கிடந்த இணைப்புகள் தளர்வது ஒன்றும் அதிசயமல்ல. இப்போது என்ன நடக்கும்? ஒரு ஃபேஸிலிருந்து மின்சாரம் பல்புக்குள் போய், மறுபக்கம் நியூட்ரல் முனைக்கு வரும். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப வழி இல்லை. ஆனால் அந்த முனைதான் செம்புப் பட்டையால் இரும்புப் பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறதே! ஓவனின் உடல் முழுவதும் 120 வோல்ட் ஏறி நிற்கும். ஒரு கை ஓவன் கைப்பிடியில், மறு கை பக்கத்துக் குழாயில் என்று யாராவது நின்றால், திரும்பும் வழி அவர்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 வாட் பல்பு என்றால், எரியும்போது அதன் தடை 360 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதைவிட எவ்வளவோ குறைவு. ஈரக்கையோடு மனித உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கினால் ஓடக்கூடியது கிட்டத்தட்ட 0.1 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். அந்த வயரிங்கைக் காக்கும் ஃபியூஸோ 40 அல்லது 50 ஆம்பியர். அதற்கு இது கொசுக்கடிகூட இல்லை. போகவே போகாது.

இதைவிடப் பயங்கரம் என்னவென்றால், இந்த நிலையிலும் பழைய குமிழ் வைத்த ஓவன் நன்றாகச் சூடாகும்! சூட்டுக் கம்பிக்கு நியூட்ரல் தேவையில்லை அல்லவா? கேக் வழக்கம்போல வெந்துகொண்டிருக்கும். வெளியே தெரியும் ஒரே அடையாளம், உள்ளே பல்பு எரியாது, கடிகாரம் நின்றிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பல்பு போய்விட்டது என்றுதான். மாற்றலாம் என்று கையை வைப்பார்கள்.

அதே போர்க்காலத்தில், அதே செம்புத் தட்டுப்பாட்டில் பிரிட்டன் என்ன செய்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளின் வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க 1942-இல் ஒரு குழு கூடியது. இருபது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரே ஒரு பெண், கரோலின் ஹாஸ்லெட். 1924-இல் தொடங்கிய பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் இயக்குநர் அவர். அவர்களும் செம்பை மிச்சம் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனி வயர் இழுக்காமல், வீட்டைச் சுற்றி வளையமாக ஒரே வயரை ஓட்டி அதிலிருந்து எல்லா சாக்கெட்டுக்கும் எடுக்கும் முறையை அதற்காகக் கொண்டுவந்தார்கள். ஆனால் எர்த்தில் கை வைக்கவில்லை. 1947-இல் வந்த 13 ஆம்பியர் பிளக்கில் எர்த் பின் கட்டாயம். அதோடு, அந்த நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும், குழந்தைகள் கம்பியை விட்டு நோண்ட முடியாது. குழந்தைகளின் பாதுகாப்பு என்பதைக் குழுவில் வலியுறுத்தியவர் ஹாஸ்லெட். அடுப்புக்கு வழக்கம்போலத் தனி வயர், தனி சுவிட்ச்.

இரண்டு நாடுகளுக்கும் ஒரே பஞ்சம். ஒன்று வயரின் பாதையைச் சுருக்கியது, இன்னொன்று பாதுகாப்புக் கம்பியைச் சுருக்கியது. அமெரிக்கப் பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை, போர்க்காலச் சலுகை என்றுதான் கொடுத்தார்கள். சலுகை கொடுத்தது தப்பு என்றுகூட நான் சொல்ல மாட்டேன். போர் முடிந்ததும் எடுக்காமல் விட்டதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1945-இல் போர் முடிந்தது. 1947 விதித்தொகுப்பில் சலுகை நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. சுவரில் பதிக்கும் ஓவன் அமெரிக்க வீடுகளில் பரவ ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். 1950களில் புறநகர்களில் வரிசை வரிசையாக எழும்பிய வீடுகளில் அது ஓர் அந்தஸ்து. சலுகை அவற்றுக்கும் நீண்டது. 1953-இல் துணி உலர்த்தும் இயந்திரங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுப்புக்கான மின்சாரம் நேரடியாக மெயின் பெட்டியிலிருந்து வந்தால், நியூட்ரலுக்கு பிளாஸ்டிக் உறைகூட இல்லாத வெற்றுக் கம்பியையே பயன்படுத்தலாம் என்றும் அனுமதி இருந்தது.

1962-இல் சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டுகளுக்கு எர்த் கட்டாயமானது. அதாவது மேஜை விளக்கு செருகும் சாக்கெட்டில் எர்த் உண்டு, அதே வீட்டில் 240 வோல்ட் இரும்புப் பெட்டிக்குத் தனி எர்த் இல்லை! என்ன கொடுமை இது.

இதற்கிடையில் வேறொரு பாதுகாப்பும் பிறந்துவிட்டது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, கொஞ்சம் குறைந்தாலும் சட்டென்று துண்டிக்கும் கருவி. தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் முதலில் தங்கச் சுரங்கங்களுக்காக இதில் இறங்கினார். ஸ்டில்ஃபோன்டைன் என்ற சுரங்கப் பகுதியில் வீட்டு மின் விபத்துகளில் சில பெண்கள் இறந்துபோகவே, 1957, 1958-இல் அங்குள்ள வீடுகளில் நூற்றுக்கணக்கில் இவற்றைப் பொருத்தினார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் 1961-இல் 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியைச் செய்தார். மேலே போட்ட கணக்கில் வந்த 0.1 ஆம்பியர் என்பது 100 மில்லி ஆம்பியர், அதாவது இதைப்போல் இருபது மடங்கு. இது 1975-இல் அமெரிக்கக் குளியலறைச் சாக்கெட்டுகளுக்கும், 1987-இல் சமையல் மேடைச் சாக்கெட்டுகளுக்கும் கட்டாயமானது. ஓவன் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் 1996 விதித்தொகுப்பில்தான் சலுகையை நிறுத்தினார்கள். போர்க்காலத்துக்கு என்று கொடுத்தது 54 வருடம் ஓடியிருக்கிறது. அதுவும் புதிதாக இழுக்கும் வயரிங்குக்கு மட்டும்தான் தடை. ஏற்கெனவே சுவருக்குள் இருக்கும் மூன்று கம்பியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். சுவரை உடைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை போலும். கையேட்டில் இரண்டு படங்கள் இருப்பது இதனால்தான்.

படத்துக்குப் படம் மாறும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல ஓவன்களில் செம்புப் பட்டையோ, அதன் வேலையைச் செய்யும் ஓர் இணைப்போ தொழிற்சாலையிலேயே போட்டு வரும். நான்கு கம்பியில் இணைக்கிறவர் அதைக் கழற்றியே ஆக வேண்டும். நியூட்ரல் தனியாக, பச்சை எர்த் கம்பி மட்டும் பெட்டியின் உடலில். கழற்ற மறந்தால் நியூட்ரலில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கு ஓவனின் உடல் வழியாகவும் எர்த் கம்பி வழியாகவும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு கம்பி இழுத்ததே வீண். ஓவனோ எந்தக் குறையும் காட்டாமல் வேலை செய்யும்.

மேற்படிப்புக்கு அமெரிக்கா போய் பழைய வாடகை வீடுகளில் குடியேறும் நம் சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. குமிழ் வைத்த பழைய ஓவனில் பல்பும் கடிகாரமும் ஒரே நேரத்தில் அணைந்து, சூடு மட்டும் வந்தால், பல்பை மாற்றப் போகாதீர்கள். ஓவனைத் தொடாமல் மெயின் பெட்டியில் அதன் பிரேக்கரை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டால்ஸியலின் கருவி ஓவனுக்கு வந்து சேர, 2023 விதித்தொகுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரில் பதிக்கும் ஓவன்களுக்கும் கசிவு கண்டு துண்டிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அதில்தான் எழுதினார்கள். அதை எப்போது ஏற்பது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சூட்டுக் குழாய்க்குள் காப்பாக அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பல நாள் பயன்படுத்தாமல் வைத்த ஓவனைப் போட்டதும் கொஞ்சம் கசிவு வந்து பிரேக்கர் விழுந்துவிடலாம். சூடேறி ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும், ஆனால் சூடேற விடாமல் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும்! 'இதென்ன தொல்லை, கழற்றிப் போடு' என்று சொல்லும் ஆட்கள் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறார்கள்.